வார்டில் நடந்த நிச்சயதாம்பூலம்

பிள்ளையில்லை என்று ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், கதவுக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிற ஆளையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பெண் டாக்டர்களான உங்களிடம் இதைச் சொன்னால், இது தெரியாதா என்பதுபோல் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். வாயைத் திறந்து சொல்பவர்கள்தான் இல்லை.

நான் இரணியல் பக்கத்துக்காரி. சென்னையில் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று துருவாதீர்கள். யுத்தம் தொடங்கியிருந்தது. சல்பா மாத்திரைகள் புதிதாக வந்து, மருந்தறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அதுவரை வெட்டை நோய்க்கு, உங்கள் பாஷையில் கொனோரியாவுக்கு, நாங்கள் செய்துவந்ததெல்லாம் கழுவுவது, இன்னும் கழுவுவது, பிறகு கர்த்தரிடம் ஒப்படைப்பது.

அந்த நோயில் ஒரு நடைமுறை இருந்தது. மனைவிக்குச் சோதனை செய்வோம். நோயின் பெயரை அவளிடம் சொல்லமாட்டோம். புருஷனைத் தனியாக அழைத்துச் சொல்வோம். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அத்தோடு அவரும் வரமாட்டார், அவளும் வரமாட்டாள்.

ஒரு நாள் காலையில் செல்லம் என்ற பெண் வயிற்றுவலி என்று வந்தாள். முப்பது வயது இருக்கும். நல்ல உயரம், பேச்சு குறைவு. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் வந்தார். பழவங்காடியில் பெரிய பாத்திரக்கடை வைத்திருந்தவர். பெயர் வேண்டாம், கடையில் எல்லோரும் அழைத்ததுபோல முதலாளி என்றே சொல்கிறேன். நெற்றி நிறையச் சந்தனம், மெல்லிய குரல். மனைவி தலை வைத்துக்கொள்ள வீட்டிலிருந்தே பட்டுத் தலையணை கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால் முழக்கோலோடு ஓர் ஆசாரி நின்றிருந்தார்.

“இவரு யாரு?” என்று கேட்டேன்.

“நம்ம ஆசாரியாக்கும். மனையடி சாஸ்திரத்துல இவரைத் தோக்கடிக்க தெக்கே ஆள் கெடையாது. வீட்டு வாசலைக் கெழக்கேருந்து வடக்கே மாத்தியாச்சு டாக்டரம்மா. கெணத்தை மூடியாச்சு. மாடிப்படியில ஒண்ணை இடிச்சாச்சு. இனி பாக்கி உங்க கையிலதான் இருக்கு.”

நான் பதில் சொல்வதற்குள் ஆசாரி சோதனை மேசையை அளக்கத் தொடங்கிவிட்டார். அளந்து முடித்து முகத்தைச் சுளித்தார். தலைமாடு வடக்கே இருக்கிறதாம். அப்படிப் படுக்க வைத்துப் பார்த்தால் எந்த நோயும் தெரியாதாம்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் மேசையைத் திருப்ப மறுத்தால் செல்லத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. திருப்பச் சொன்னேன். நர்ஸும் ஆசாரியும் முதலாளியும் சேர்ந்து அந்த இரும்பு மேசையைத் தூக்கித் திருப்பினார்கள். ஜன்னல் வெளிச்சம் முழுவதும் என் முதுகில் விழுந்தது. எனக்கு வேண்டிய இடத்தில் ஒரே இருட்டு. டார்ச் விளக்கை நர்ஸ் பிடிக்க, ஆண்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, தெற்கே தலை வைத்துப் படுத்த செல்லத்தைப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்திருக்கிறது. அடிவயிற்றில் கத்தி வைத்ததுபோல் வலி, நீர் கழிக்கும்போது எரிச்சல். உடம்புச்சூடு என்று இளநீர் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் போனது. வலி மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. அடுத்த முறை வந்தபோது கருப்பைக்குள் காற்றுச் செலுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்தேன். கருக்குழாய் திறந்திருந்தால் காற்று அதன் வழியே வயிற்றுக்குள் போகும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சத்தம் கேட்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் அடைத்துப்போயிருந்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து முதலாளி இன்னொரு பெண்ணோடு வந்தார். இது ராஜம், செல்லத்தின் சித்தப்பா மகள். பிள்ளைக்காக இவளையும் கட்டியிருந்தார், ஒரு வருஷம் ஆகியிருந்தது. சின்னப் பெண். வலியில் உதட்டைக் கடித்துக் கடித்து உதடு வீங்கியிருந்தது. அவளிடமிருந்து எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு பயற்றம்பருப்பை முகத்துக்கு முகம் ஒட்டவைத்ததுபோல் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. வெட்டைக் கிருமியேதான்.

நடைமுறைப்படி முதலாளியைத் தனியே அழைத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

“உங்க ரெண்டு வீட்டம்மாவுக்கும் ஒரே தீனம். இது தொத்துற தீனம். ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் சோதனைக்குப் போகணும்.”

அவருக்குக் கோபமே வரவில்லை.

“டாக்டரம்மா, வீடும் பொதுவாத்தானே இருக்கு?”

“வீட்டுல இருந்து இது தொத்தாது.”

“கெணறும் பொதுவாத்தான் இருந்துது.”

“கெணத்துல இருந்தும் தொத்தாது. நீங்க நாளைக்கே ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களைக் குணப்படுத்தாம ராஜத்துக்கு மட்டும் மருந்து குடுத்தா, குணமாகி வீட்டுக்குப் போன அன்னிக்கே திரும்ப ஒட்டிக்கிடும்.”

போகிறேன் என்றார். ஆண்கள் ஆஸ்பத்திரியில் இந்த நோய்களைப் பார்த்த டாக்டர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அக்கிரகாரத்துப் பையன், எனக்கு ஒரு வருஷம் சீனியர். அவரிடம் சொல்லி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் சிரிப்பை அடக்கமுடியாமல் மேசையைத் தட்டினார்.

“உங்க பாத்திரக்கடை முதலாளி வந்தார். நன்னாப் பாத்தேன். ஒரு தோஷமும் இல்லே. ஒல்லியா, காதுல பென்சில் செருகிண்டு.”

முதலாளி ஒல்லியே இல்லை. “அப்புறம்?” என்றேன்.

“குழந்தை இல்லைங்கறது எத்தனை வருஷமான்னு கேட்டேன். மனுஷன் பதறிப்போய், ‘சாமி, அப்பிடிச் சொல்லப்பிடாது, எனக்கு ஆறு இருக்கு’ன்னுட்டார்.”

வந்தது கடைக் கணக்குப்பிள்ளை. முதலாளிக்குப் பதிலாக வங்கிக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர், சோதனைக்கும் வந்திருக்கிறார். ஆறு பிள்ளைக்காரருக்கு உடம்பில் ஒன்றுமில்லை என்ற சேதி கடைக்குப் போய், முதலாளிக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அவர் மூன்றாவது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

இதை எனக்கு வந்து சொன்னவள் செல்லம்.

“பூதப்பாண்டிப் பக்கத்துப் பொண்ணு, டாக்டரம்மா. அப்பா வயக்காரரு. பதினெட்டு வயசாம். இவிய போயிப் பாத்துட்டு வந்தாச்சு.” புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வந்த ஒடனே எனக்கு வந்த அதே தீனம் ராஜத்துக்கும் வந்துது. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் வருமா? எனக்கு என்ன தீனம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல்லியே.”

நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு ஆண்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. “சொல்லிடாதேங்கோ. குடும்பம் உடையும். அந்தாள் பெரிய எடத்துல செல்வாக்குள்ளவர். உங்க வேலைக்கு ஆபத்து,” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்வது என்பதும் முடியாத காரியம். ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் பேச நமக்கு உரிமையில்லை. அன்றிரவு முழுவதும் இதிலேயே கிடந்து உழன்றேன். கடைசியில் எனக்குத் தட்டுப்பட்டது மிகச் சின்ன விஷயம். முதலாளியின் நோயைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, சரி. செல்லத்தின் நோய் செல்லத்துடையதல்லவா? அதை அவளிடமே மறைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மறுநாள் செல்லமும் ராஜமும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேரையும் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தேன். ராஜம் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்றாள். செல்லம் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுதானா? இவ்வளவு பொடிசா?”

“இதுதான். வெட்டைன்னு சொல்லுவாங்க. கருக்குழாய்க்குள்ள போயிப் புண்ணாக்கி, புண்ணு ஆறும்போது வழியை அடைச்சிரும். உனக்கு அடைச்சாச்சு, செல்லம். அதைத் திறக்க எனக்கு வழி தெரியல்ல. ராஜத்துக்கு இன்னும் நேரம் இருக்கு.”

“எங்கேருந்து வந்துது?”

“கெணத்துல இருந்து வராது. காத்துல வராது. ஒரு ஆளோட உடம்புல இருந்து இன்னொரு ஆளோட உடம்புக்கு வரும். அவ்வளவுதான் நான் சொல்லலாம்.”

செல்லம் மறுபடியும் ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று கைக்குட்டையைத் தேடினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். “இத்தனை வருசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தேனே. இது இங்கே ஜோடி போட்டுட்டுல்லா இருந்திருக்கு!” சிரித்து ஓய்ந்த பிறகுதான் அழுதாள். ராஜம் அவளைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் அன்று வீட்டுக்குப் போகவில்லை. வார்டில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ராஜத்துக்குக் காய்ச்சல் இருந்தது, செல்லத்துக்கு வலி இருந்தது. சேர்ப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தேன்.

அவர்கள் போட்ட கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. பூதப்பாண்டிக்காரர் நேர்மையான மனுஷர். மூத்தவள் மனமொப்பித் தன் கையால் வெற்றிலைத் தாம்பாளம் எடுத்துக் கொடுத்தால்தான் பெண் தருவேன் என்று சொல்லியிருந்தார். மூத்தவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நிச்சயம் நடக்காது. ஆனால் முதலாளிக்கு ஆசாரி குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தைத் தவறவிடுவது மேசையில் வடக்கே தலைவைப்பது போன்ற குற்றம். ஆகவே அவர் நிச்சயத்தையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் காலை ரவுண்ட்ஸில் இருந்தேன். அட்டெண்டர் ஓடிவந்தார். “டாக்டரே, ஒரு கல்யாணக் கூட்டம் வந்நிட்டுண்டு! நாதஸ்வரம் உண்டு!”

நாதஸ்வரத்தை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். தாம்பாளங்களை நிறுத்த முடியவில்லை. தேங்காய், வாழைத்தார், பட்டு, பூ எல்லாம் வரிசையாக வார்டுக்குள் வந்துகொண்டிருந்தன. யாருக்கோ ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்து மற்ற நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து கை நீட்டினார்கள். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கட்டிலுக்கும் லட்டு கொடுத்துக்கொண்டு போனார். முந்தின நாள்தான் ஆபரேஷன் ஆன ஒருத்தி வாழைப்பழத்தை உரித்துவிட்டாள். நர்ஸ் பாய்ந்து பிடுங்கினார்.

எல்லோரையும் வெளியே தள்ளியிருக்கலாம். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை அதைத்தான் சொன்னது. நான் செல்லத்தைப் பார்த்தேன். அவள் தலையை வாரிக்கொண்டு, நிமிர்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இருக்கட்டும் என்று கண்ணால் சொன்னாள். முதலாளியையும் பெண்ணின் அப்பாவையும் மட்டும் கட்டிலருகே விட்டேன். மற்றவர்கள் கதவடியில் நெருக்கியடித்து நின்றார்கள்.

பூதப்பாண்டிக்காரர் கை கூப்பினார். “அம்மா, உனக்கு இதுல மனக்கொறை உண்டுமா? உள்ளதைச் சொல்லணும். எனக்கு ஒரே பொண்ணாக்கும்.”

செல்லம் வாய் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “அவளுக்கு என்ன கொறை? டாக்டரம்மா இங்கேதானே நிக்கறாங்க. டாக்டரம்மா, செல்லத்துக்குப் பிள்ளை பொறக்காதுன்னு நீங்க சோதிச்சுப் பாத்தது உள்ளதுதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க. நேரம் போகுது.”

வார்டே என் வாயைப் பார்த்தது. பிள்ளை பிறக்காது என்பது உண்மை. அதை மட்டும் சொன்னால் அந்த உண்மையைக் கொண்டே ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறிவிடும். முழுவதையும் சொன்னால் முதலாளியின் ரகசியத்தை உடைத்தவள் ஆவேன். இம்மாதிரி நேரத்தில் நமக்குப் பேசத் தோன்றும். எல்லோரும் பார்க்கிறார்களே, டாக்டர் பேசாமல் நின்றால் எப்படி என்று. நான் என் வாயை இறுக மூடிக்கொண்டு, திறந்தபோது இதை மட்டும் சொன்னேன்:

“இது செல்லத்தோட உடம்பு. அதைப் பத்தி நான் பேசமாட்டேன். செல்லத்துக்குத் தெரியும். வேணும்னா அவங்களே சொல்லுவாங்க.”

செல்லம் பூதப்பாண்டிக்காரரைப் பார்த்துச் சொன்னாள். “எனக்கு மனக்கொறை இல்ல அண்ணாச்சி. வெட்டைத் தீனம் உண்டு. அதுலதான் குழாய் அடைச்சுப் போச்சு. கல்யாணம் கழிஞ்சு இந்த வீட்டுக்கு வந்த பொறவு வந்துது. ராஜத்துக்கும் இந்த வீட்டுக்கு வந்த பொறவுதான் வந்துது. நீங்க மனசிலாக்கிக்கிடுங்க.”

அவள் புருஷனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. நோயின் பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்தது அவமானமே இல்லை, நிஜமான ஆச்சரியம்.

“வெட்டையா? அதுக்கும் பிள்ளைக்கும் என்ன? அது சூடாக்கும்! பித்தளைப் பட்டறையில உக்காந்தா வரும். கொல்லத்துக்குச் சரக்கெடுக்கப் போனப்போ எனக்கும்தானே வந்துது! எளநீர் குடிச்சேன், ஆறிப்போச்சு. அதையா தீனம்னு சொல்லுகா இவ?”

வார்டில் லட்டு மெல்லும் சத்தம் நின்றது. கதவடியில் யாரோ ‘சிவனே’ என்றார்கள். கணக்குப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பூதப்பாண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “எனக்கு மனசிலாச்சு தாயி. நல்லா இருப்பே,” என்று செல்லத்தைக் கும்பிட்டார். கையிலிருந்த தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபக்கத்துக் கட்டிலில் முதல் நாள் பிள்ளை பெற்றிருந்த மீன்காரப் பெண்ணின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். பட்டும் அதிலேயே இருந்தது. யாரும் திரும்பக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் முதலாளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெரிய சண்டை வரும் என்று தோன்றியது. கிட்டப் போனதும் எழுந்து நின்றார்.

“டாக்டரம்மா, அது ஆறல்லியா?”

“வெளியே ஆறின மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும்.”

“அப்போ செல்லத்துக்கு நான் குடுத்ததாக்கும்.”

“ஆமா.”

மறுபடி உட்கார்ந்துவிட்டார். கடைத்தெருவில் அவ்வளவு பேரை ஏவி வேலை வாங்குகிறவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். “நல்ல வெள்ளம் உள்ள கெணறு,” என்றார் கடைசியில். “அதைப் போயி மூடிட்டேனே.”

அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாள் ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை தின்ன வந்தது கணக்குப்பிள்ளைதான். இந்தத் தடவை டாக்டருக்கு முகம் தெரிந்திருந்தது. “உமக்கு ஆறு போதாதா ஓய்?” என்று அவர் எழுந்ததும் கணக்குப்பிள்ளை செருப்பை விட்டுவிட்டு ஓடிப்போனார். நான் முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன்: அவர் சிகிச்சை முடித்து வரும்வரை இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன். இதை நான் சொன்னேனே தவிர, தீர்மானம் செல்லத்துடையது. வீட்டில் அவருக்குச் சோறு பொங்க ஆளில்லை. கடையிலிருந்தவர்கள் கிழக்கேகோட்டை ஓட்டலிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வாரமே அவர் சொந்தக் காலில் நடந்து சோதனைக்குப் போனார். எங்கள் பக்கம் இரண்டு பெண்கள், அந்தப் பக்கம் முதலாளி என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சல்பா கொடுத்தோம். மாத்திரை தின்று மூவருக்கும் குமட்டியது. யாருக்கு அதிகம் குமட்டியது என்று அட்டெண்டரிடம் முதலாளி தினமும் விசாரித்தனுப்பினார்.

ராஜத்துக்குப் பிறகு ஒரு பெண்குழந்தை பிறந்தது. செல்லத்துக்கு இல்லை. இருக்காது என்று அவளிடம் சொல்லியிருந்தேன், அவளும் என்னிடம் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

மலடி என்று அவளை யாரும் விசேஷ வீடுகளுக்கு அழைத்ததில்லை. இப்போது அழைக்காமலே போகத் தொடங்கினாள். ஒரு நாள் மத்தியானம் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஓர் அம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். மகளுக்கு வளைகாப்பு நடந்திருக்கிறது. செல்லம் நேராக வந்து வளையல் போடக் கையை நீட்டினாளாம். யாரோ ஒரு கிழவி, பிள்ளை பெறாதவள் போடக்கூடாது என்றாளாம். செல்லம் அங்கேயே நடுவில் உட்கார்ந்து, ஏன் பிள்ளை பெறவில்லை என்று ஆதியோடந்தமாக விளக்கிவிட்டாளாம்.

“பருப்பு மாதிரி இருக்கும்னு கையால காட்டுகா, டாக்டரம்மா! சுமங்கலிக இருக்க எடத்துல! ஆம்பிளைகளைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்கன்னுகா! ஒருத்தி எந்திரிச்சுப் போவான்னா, ஒருத்தியும் போகல்ல. எல்லாரும் கிட்டக்கிட்ட நகந்து உக்காந்து கேக்குதாளுக! நீங்க படிச்சுக் குடுத்ததாமே? நீங்கதான் அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கணும்!”

கண்டிப்பதாகச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் கதவு வரைக்கும் போனாள். கதவைத் திறக்கவில்லை, சாத்தினாள். திரும்பி வந்து நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க மூத்த மருமகன்,” என்றாள் மெதுவாக, “அடிக்கடி கொல்லத்துக்குப் போவாரு.”